மரக்கப்பல் பிந்திய வருசம்

முதலாளி பரமேஸ்வரன் லோகனுக்குக் கொடுக்கவேண்டிய கூலி நானூற்று எண்பத்தைந்து பவுண். நத்தாருக்கு விற்க அவர் எடுப்பித்த கிறிஸ்மஸ் மரங்களை ஏற்றிவந்த டென்மார்க் கப்பல் புயலில் மாட்டுப்பட்டு, டிசம்பர் இருபத்தேழாம் திகதிதான் தேம்ஸ் துறைக்கு வந்து சேர்ந்தது. மரங்களை இறக்கி முடித்த கையோடு லோகன் கூலியைக் கேட்டான்.

“நத்தார் முடிஞ்ச பிறகு இதுகளை ஆர் வாங்குவினம்? என்னட்டை ஒரு சதமும் இல்லை. வேணுமெண்டால் கூலிக்குப் பதிலா மரங்களைக் கொண்டுபோ,” என்று பரமேஸ்வரன் கையை விரித்தார்.

வீட்டு வாடகைக்கு அந்தக் காசைத்தான் நம்பியிருந்தான் லோகன். மனைவி குமுதாவுக்குப் போன் எடுத்து, அழாக்குறையாகச் சொன்னான்.

“எல்லா மரத்தையும் வாங்குங்கோ. ஒண்டையும் விடாதேங்கோ,” என்றாள் அவள்.

“உனக்கென்ன விசரே?”

“நான் கூட்டித் துடைக்கிற இடத்துக்கு மரங்களை ஏத்தி வானைக் கொண்டு வாங்கோ. ஏச்சுப் பேச்செல்லாம் பிறகு.”

“மனிசி சொல்லைக் கேட்டுக் குப்பை அள்ளுறாய். எனக்குக் குப்பைக்காரன்ரை கூலி மிச்சம்,” என்று, மரங்களை வானில் ஏற்றிய லோகனைப் பார்த்துப் பரமேஸ்வரன் சிரித்தார்.

குமுதா சொன்ன இடத்தில் ஒரு தேவாலயம் இருந்தது. வாசலில், குமுதா சொல்லிவைத்த சனம் வரிசையாக நின்றது. தாடிவைத்த பாதிரியார் மரங்களைக் கண்டதும் கைதட்டினார். ஒரு மணித்தியாலத்தில் வான் வெறுமையானது.

“இவை ரஷ்யச் சனம். இவையின்ரை நத்தார் ஜனவரி ஏழாந்திகதி,” என்றாள் குமுதா, காசை எண்ணியபடி. “எண்ணூறையும் தாண்டுது.”

லோகன் முதலாளிக்குப் போன் எடுத்தான்.

“அண்ணை, உங்கடை கடன் தீர்ந்துபோச்சு. வாற வருசமும் கப்பலைப் பிந்தியே வரச்சொல்லுங்கோ.”