வில்லன் குரல்

"வாயைத் திறந்தே... இங்கேயே முடிச்சிடுவேன்!"

இரண்டாவது மாடிப் படியில் கால் வைத்தபோது, அந்த முரட்டுக் குரல் மேலேயிருந்து இறங்கி வந்தது. மருமகளுக்குச் சிரிப்புதான் வந்தது. மாமனார் மத்தியான நாடகத்தை ஆரம்பித்துவிட்டார்.

அந்தக் காலத்து வானொலி நாடகம் என்றால் அவருக்கு உயிர். ரேடியோவுக்குப் பக்கத்தில் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்த அறுபது எழுபது கேசட்டுகள் ஹால் அலமாரியில் வரிசையாக நிற்கும். ஒன்றில், கொலைகாரன் கத்தியை எடுக்கிற நேரம் பார்த்துக் குக்கர் விசிலடிக்கும். பின்னாலேயே, "சாப்பிட வர்றீங்களா, இல்லையா?" என்று காலமான மாமியார் அதட்டுவார். அந்த இடம் வந்தால் மனுஷர் சத்தத்தைக் கூட்டி வைப்பார்.

சும்மா கேட்கவும் மாட்டார். வில்லன், போலீஸ்காரர், வீட்டுக்கார அம்மாள் என்று எல்லாருடைய குரலிலும் கூடவே பேசுவார். ஆறு வயதுப் பேத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

பேத்திக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். தான் வேலை பார்க்கும் மருந்துக் கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, சிரப் பாட்டிலோடு வந்துகொண்டிருந்தாள் மருமகள்.

"பெரியவரே, பீரோ சாவி எங்கே?" மறுபடியும் அதே குரல்.

"என்ன வேணும்னாலும் எடுத்துக்கோ. அந்த ரூமுக்கு மட்டும் போகாதே!" இது மாமனார். அடேயப்பா, என்ன உருக்கம்!

கைப்பிடியைப் பிடித்து மூச்சு வாங்கினாள். லிஃப்ட் ஓடாததால் இந்தப் பாடு. லிஃப்ட் ஏன் ஓடவில்லை? காலையிலிருந்து தெருவுக்கே கரண்ட் இல்லை.

சிரிப்பு அப்படியே உதட்டில் உறைந்தது. பேட்டரி போட்டால் குரல் இழுக்கிறது என்று மாமனார் பேட்டரி வாங்குவதையே விட்டு வருஷமாகிறது. அப்படியானால், பேசுவது யார்? அந்த ரூமில் தூங்குவது அவள் குழந்தையல்லவா!

மீதிப் படிகளை எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. எதிர் வீட்டில் பூட்டு தொங்கியது. வந்தது வரட்டும் என்று கதவைத் தள்ளினாள். அது வெறுமனே சாத்தித்தான் இருந்தது.

ஹாலில் கேசட்டுகள் தரையில் இறைந்து கிடந்தன. குழந்தை தூங்கும் அறை வாசலை மறித்தபடி மாமனார் நின்றார். அவருக்கு எதிரே, நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவன். தோளில் பை, வலது கை பைக்குள் இருந்தது. இரண்டு பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"போச்சு போ! எல்லாத்தையும் கெடுத்தியே!" மாமனார் தொடையில் தட்டிக்கொண்டார். "நல்ல கட்டத்துல வந்து நிக்கிறியேம்மா!"

"மாமா... இவர்..."

"பார்க்குக்கு வர்ற என் சிநேகிதர் இருக்காருல்ல, அவரோட மருமகன். இவருக்கும் பழைய நாடகம்னா பைத்தியம். கரண்ட் இல்லையா, டேப்பும் ஓடலை. சரி, நாமளே பேசிப் பாத்துடலாம்னு ஆரம்பிச்சோம். நான் வீட்டுக்காரர். இவரு வில்லன்."

டேப் ரெக்கார்டர் மேல் மடித்து வைத்திருந்த மூக்குக் கண்ணாடிக்குப் பக்கத்திலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு, "இதோ, அடுத்த வசனம். 'திருடனா இருந்தாலும் நீயும் ஒரு பிள்ளையைப் பெத்தவன்தானே?'" என்று வாசித்தார்.

வந்தவன் அவரைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சிரித்தான். "ஆ... ஆமாங்க."

மருமகள் சுவரில் சாய்ந்துவிட்டாள். "எனக்கு உயிரே போயிடுச்சு மாமா! படியேறி வர்றதுக்குள்ள என்னென்னமோ நெனச்சுட்டேன்."

"பாத்தீங்களா தம்பி? அவ்வளவு தத்ரூபமா பேசியிருக்கீங்க!"

"நெஜமாத்தான் சார். இன்னும் படபடப்பு அடங்கலை. உக்காருங்க, டீ போட்டு எடுத்துட்டு வர்றேன்."

"டீயெல்லாம் வேணாம்மா." மாமனார் அவசரமாகக் குறுக்கிட்டார். "அவருக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு. தம்பி, உங்க பாகம் அவ்வளவுதான். கதவு தொறந்தேதான் இருக்கு. நீங்க பாட்டுக்குக் கிளம்புங்க. நாங்க யாரும் உங்களைப் பிடிச்சு வைக்கலை."

அவன் தயங்கினான். உள்ளே குழந்தை இருமியது. அந்தப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு, பைக்குள்ளிருந்த கையை எடுக்காமலே வாசலுக்கு நடந்தான்.

"பிரமாதமா நடிச்சீங்க சார்," என்றாள் மருமகள், வழிவிட்டுக்கொண்டே.

அவன் நின்றான். "நான் என்னங்க... பெரியவர்தான் நல்லா நடிக்கிறாரு."

செருப்புச் சத்தம் படிகளில் இறங்கி, வேகம் பிடித்து, தேய்ந்து போனது.

மாமனார் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினார். மேல் தாழ்ப்பாள், கீழ்த் தாழ்ப்பாள் இரண்டையும் போட்டார். பிறகு அங்கேயே, கதவில் முதுகை வைத்துத் தரையில் சரிந்து உட்கார்ந்தார்.

"என்ன மாமா, வில்லன் போயும் நீங்க இன்னும் நாடகத்தை முடிக்கலையா?" மருமகள் சிரித்தாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"போலீசுக்குப் போன் போடும்மா. அவன் யாருன்னே எனக்குத் தெரியாது."