மந்திரியின் மரு

ஒப்பனை அறைக் கண்ணாடியைச் சுற்றியுள்ள பல்புகளில் பாதி எரியவில்லை. வருஷக்கணக்காகத் தொலைக்காட்சியில் ஒரே மந்திரியைப் போல வேஷம்கட்டிக் கேலி செய்து பிழைத்தவர், நாற்காலியில் சரிந்து கிடக்கிறார். மந்திரி தேர்தலில் தோற்றுப்போனதால் இன்றோடு நிகழ்ச்சிக்கும் மங்களம் பாடியாயிற்று. மீசையை உரித்து, பஞ்சுத் தொப்பையை அவிழ்த்துப்போட்ட ஒப்பனைக்காரம்மா, தினமும் தானே கன்னத்தில் ஒட்டும் மருவை எண்ணெய் தொட்டுத் தேய்க்கிறாள். அது அசையவில்லை. நகத்தால் நெம்புகிறாள். "ஆ! வலிக்குதும்மா!" என்கிறார். "அண்ணே, இது நான் ஒட்டினதில்ல. முளைச்சிருக்கு." நான் கதை விடவில்லை; டீ கொண்டுவந்து கதவோரம் நின்றபடி என் கண்ணாலேயே பார்க்கிறேன். அவர் கண்ணாடியருகே குனிந்து மருவைத் தடவுகிறார். "அந்தாளு தன் மருவைப் போன வருஷமே ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டான். இதை வச்சுக்கிட்டு நான் இனி யாரா நடிக்கிறது?" அலுத்துப்போய்த்தான் கேட்கிறார். குரல் மட்டும் மந்திரியுடையது.