சுறாக்குட்டி கிளப்

"ஏளா, கடல் அங்கன சும்மா கெடக்கு. இவன் இங்கன குழி தோண்டி, தண்ணிய ஊத்தி, அதுல நீந்தப் பீசு வாங்குதான். கெட்டிக்காரப் பயதான்!"

சங்கரபாண்டியன் மனைவியின் காதில் ரகசியமாகச் சொன்னது, குளத்தில் மிதந்துகொண்டிருந்த குழந்தைகள் அத்தனை பேருக்கும் கேட்டது. ஆத்தூரில் வெற்றிலை மொத்த வியாபாரம். சந்தைக் குரலை எங்கே போனாலும் கூடவே கொண்டுபோய்விடுவார்.

தூத்துக்குடி துறைமுகச் சாலையில் 'சுறாக்குட்டி நீச்சல் கிளப்' திறந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. சிறுவர் சிறுமியரைப் போட்டிகளுக்குத் தயார் செய்கிற இடம். ஒரே மகள் ஐஸ்வர்யாவை நம்பி ஒப்படைக்கலாமா, கூடாதா என்று முடிவு செய்ய, அவளிடம் திருச்செந்தூர் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தார்கள்.

"மெதுவாப் பேசுங்க. தேங்காய்ப் பைய வேற வீட்டுலயே மறந்துட்டு வந்துட்டேன்" என்றாள் சண்முகத்தாய்.

"முருகன் கோவிச்சுக்கிட மாட்டாரு. நாம வந்தது இங்கனதானே!"

"அவதான் சோறு இறங்காம கெடக்கா. இங்கனதான், இல்லன்னா எங்கயும் கிடையாதுங்கா. நல்ல முடிவாச் சொல்லுங்க."

"அவ சொன்னா ஆச்சா? ஒரு கவுளி வெத்தலையவே நான் புரட்டிப் பாக்காம எடுக்க மாட்டேன். இது பெத்த பிள்ளைளா!"

அதற்குள் பயிற்சியாளன் செந்தூர்வேல் வந்துவிட்டான். ஈரத் தலை, கழுத்தில் விசில். இரண்டு நாற்காலிகளைத் தன் துண்டாலேயே துடைத்துப் போட்டான்.

"வாங்க அண்ணாச்சி, உக்காருங்க."

தேநீர் வந்தது. கூடவே ஒரு தட்டு மக்ரூன். அந்தத் தட்டைச் சண்முகத்தாய் பக்கமாகவே தள்ளி வைத்தான். சங்கரபாண்டியன் ஒரு வாய் உறிஞ்சிவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"சீனியே இல்லையே ளா!"

"எனக்குச் சரியாத்தான் இருக்கு."

"ஆளு பாத்து ஊத்துதானா? கிளப்பு நல்லா முன்னேறும்!" என்று முணுமுணுத்துவிட்டு விசாரணையைத் தொடங்கினார்.

"இடம் சொந்தமா?"

"வாடகைதான் அண்ணாச்சி."

"சொந்தமா ஒண்ணுமில்லன்னு சொல்லுங்க."

"விசில் சொந்தம்" என்றான் செந்தூர்வேல்.

சண்முகத்தாய் மக்ரூனோடு சிரிப்பையும் சேர்த்து விழுங்கினாள்.

"கடல் இருக்கயில இந்தத் தொட்டி எதுக்கு?"

"கடல்ல கோடு போட முடியாதுல்லா அண்ணாச்சி? கோட்டுக்குள்ள நீந்துனாத்தான் போட்டி."

பதில் சரியாக இருந்தது. அது அவருக்குப் பிடிக்கவில்லை.

குளத்தின் ஓரத்தில் ஒரு சின்னப் பெண் குதிக்க மாட்டேன் என்று அழுதாள். இதோ திட்டப்போகிறான், எழுந்து போய்விடலாம் என்று சங்கரபாண்டியன் ஆவலோடு நிமிர்ந்து உட்கார்ந்தார். செந்தூர்வேல் திட்டவில்லை. சட்டையோடு தண்ணீரில் இறங்கி, இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றான். "உனக்கு எப்பத் தோணுதோ அப்பக் குதி. நான் இங்கனதான் நிப்பேன்."

அவள் எளிதில் குதிப்பதாக இல்லை. அவனும் நகரவில்லை. கடைசியில் தொப்பென்று விழுந்தவளைத் தூக்கிக் கரையில் விட்டுவிட்டு, சொட்டச் சொட்ட வந்து நின்றான்.

சங்கரபாண்டியனின் குரல் முதன்முறையாகத் தணிந்தது. "ஒத்தப் பிள்ளை தம்பி. எங்களை விட்டு எங்கயும் இருந்ததில்ல. போட்டி அது இதுன்னு நீங்க ஊர் ஊராப் போவீயளாமே. அப்ப யாரு பாத்துக்கிடுவா?"

"நான் போற இடத்துக்குக் கூட்டிட்டுப் போவேன். முடியலன்னா நானும் போக மாட்டேன்."

"தோத்துட்டு வந்து நின்னா?"

"தோத்த அன்னைக்குத்தான் அண்ணாச்சி பக்கத்துலயே இருக்கணும்."

சண்முகத்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மருந்துத் தண்ணி வாடை கண்ணக் கரிக்கி" என்று யாரும் கேட்காமலேயே விளக்கம் சொன்னாள்.

அவன் தலை துவட்டப் போனதும், சங்கரபாண்டியன் பக்கத்து நாற்காலிக்காரரைப் பிடித்தார். பெயர் விக்டர். கையில் கைப்பேசிக் கடிகாரத்தை ஓடவிட்டு, "கைய வீசுலே!" என்று மகனைப் பார்த்துக் கத்தியபடி, தானே காற்றில் பாதிக் குளத்தை நீந்திக்கொண்டிருந்தார்.

"ஆளு எப்படி?"

"பிள்ளையள ஒரு சொல்லு சொல்ல மாட்டாரு. கத்தாதீயன்னு எங்களத்தான் திட்டுதாரு."

சங்கரபாண்டியன் வெற்றிலையை முன்னும் பின்னும் புரட்டியாகிவிட்டது. ஓட்டை ஒன்றுகூடத் தென்படவில்லை. தோற்றுப்போன முகத்தோடு மனைவியைப் பார்த்தார். "சரிளா. குடுத்துருவோம்."

"பிள்ளைக்கு என்ன வயசு?" என்றார் விக்டர்.

சந்தோஷத்தில் சண்முகத்தாய்க்கு எல்லாம் மறந்துவிட்டது. "வார ஆவணிக்கு இருபத்தாறு!"

விக்டரின் நீந்திக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

சங்கரபாண்டியன் பதறிப்போய் அவர் கையைப் பிடித்தார். "சத்தம் போடாதீய. மாப்பிள்ளை எப்படின்னு அவருக்கே தெரியாமப் பாத்துட்டுப் போவோம்னு வந்தோம்."

"தேங்காய்ப் பைய மறந்து வச்சுட்டுக் கோயிலுக்குக் கிளம்பிட்டாங்கன்னு ஐஸ்வர்யா காலையிலயே போன் பண்ணிட்டா" என்றது முதுகுக்குப் பின்னால் ஒரு குரல். "உங்களுக்குச் சுகர்னும் அவதான் சொன்னா, மாமா."