மொட்டைக் குடல்

"ஒரு கண்ணை மூடாதீங்க அண்ணா, ரெண்டு கண்ணாலயும் பாருங்க" என்று சொல்லிவிட்டு, நுண்ணோக்கிக்கு முன்னால் இருந்த முக்காலியைப் பெருமாள்சாமிக்கு விட்டுக்கொடுத்தாள் சிந்து.

கருத்தரங்குக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது.

என்ன கருத்தரங்கு என்கிறீர்களா? ஐந்து வருஷ ஆராய்ச்சியைப் பெரியவர்கள் நடுவே சொல்லி முடிக்கிற நாள். இன்று அவர்கள் தலையாட்டிவிட்டால் அவள் பெயருக்கு முன்னால் டாக்டர் வந்துவிடும். பாஸ்டனில் வேலைக்குக் கடிதம்கூட வந்தாயிற்று. ரெண்டாயிரமாவது வருஷம் பிறக்கும்போது அவள் அங்கே இருப்பாள்.

பயமா? சிந்துவுக்கா? தொம்மலூர் மெஸ்ஸில் வழக்கமான மூன்று இட்லிக்கு ஐந்தாகச் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தாள்.

அந்தத் தெம்பில்தான் பெருமாள்சாமியைக் கூப்பிட்டாள். ஒக்கலிபுரத்திலிருந்து பஸ் பிடித்து வரும் ஆய்வக உதவியாளர் அவர். எலியின் குடலை எடுத்து, மருந்து பாட்டிலில் போட்டு, மெழுகில் பதித்து, வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவிக் கண்ணாடித் தகட்டில் ஒட்டித் தருவார். அவருடைய கை இந்த ஊரில் வேறு யாருக்கும் கிடையாது. இன்று கூட்டத்தில் உட்காரப் போகிறோம் என்று புதுச் சட்டை போட்டு வந்திருந்தார்.

சீவிக் கொடுத்த மனுஷன் ஒரு நாளாவது பார்க்க வேண்டாமா?

முதல் தகடு நல்ல எலி. குடல் சுவரை ஒட்டித் தடிமனாக நீலப் பட்டை. குடல் தனக்குத்தானே பூசிக்கொள்கிற வழவழப்பான சளி அது, சாயம் ஏற்றினால் நீலமாகத் தெரியும். மழைக்குக் கடை வாசலில் ஒதுங்கினவர்கள் மாதிரி கிருமிகள் அந்தப் பட்டைக்கு வெளியிலேயே நிற்கும், சுவரைத் தொடாது. சிந்து ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவர் "ஓகோ, ஓகோ" என்றார்.

இரண்டாவது தகடு, பேதிக் கிருமி புகுந்த எலி. நீலம் பேருக்குக்கூட இல்லை. சுவர் மொட்டையாகக் கிடந்தது.

உள்ளே வந்த கிருமி முதல் வேலையாகச் சளியை உரித்துப் போட்டுவிடுகிறது என்பதுதான் சிந்துவின் கண்டுபிடிப்பு. நாற்பது எலியிலும் ஒன்றுபோல வந்தது. அவளுடைய வழிகாட்டி கஸ்தூரிரங்கன் சாரே ஆசையாக 'சிந்துவின் மொட்டைக் குடல்' என்று பெயர் வைத்திருந்தார்.

வெளிநாட்டில் ஒரு குழு மட்டும் நேர்மாறாக எழுதியிருந்தது. கிருமி வந்தால் குடல் சளியை இன்னும் அதிகமாகக் கொட்டுமாம், கொட்டிக் கிருமியை வெளியே தள்ளப் பார்க்குமாம். சிந்து படித்துவிட்டுச் சிரித்தாள். பாவம், அவர்களிடம் ஒரு பெருமாள்சாமி இல்லை.

பெருமாள்சாமி தலையை நிமிர்த்தினார். முகமெல்லாம் பெருமை.

"அந்த நல்ல எலில என்னமோ நீலமா அப்பிக்கினு இருக்குது மேடம். நம்ம சீக்கு எலி பாருங்க, எப்டி பளிச்சுனு இருக்குது!"

அது ஏன் பளிச்சென்று இருக்கிறது என்றுதான் இன்று அத்தனை பேருக்கும் சொல்லப் போகிறேன் என்றாள் சிந்து.

"ஏன்னு எனக்குத் தெரியாதா? பேதி எலின்னா நாலு தண்ணில அலசாம நான் பாட்டில்ல போட்டதே இல்ல மேடம். எங்க வீட்ல ஆட்டுக்குடல் கழுவுறாப்ல கீறிப் பிரிச்சு, விரலால நீவி, வழவழப்பு போனப்புறம்தான். மொத நாளே நீங்க மூக்கைப் பொத்திக்கினு வெளிய ஓடிட்டீங்க. அந்த நாத்தத்தோட உங்க கைல எப்டி குடுப்பேன்?"

நுண்ணோக்கியிலிருந்து இரண்டாவது தகட்டை எடுத்தாள் சிந்து.

"நல்ல எலியை?"

"அதுல நாத்தம் ஏது? சும்னே, கழுவாம அப்டியே போட்டுடுவேன்."

அப்படியென்றால் நாற்பது எலியிலும் சளியை உரித்தது குழாய்த் தண்ணீர்.

கும்பகோணத்தில் முட்டைகூட நுழையாத வீட்டில் வளர்ந்தவள் அவள். அந்த முதல் நாளுக்குப் பிறகு குடலை வெட்டுகிற மேசைப் பக்கமே போகவில்லை. பாட்டில்கள் நாற்றமில்லாமல் வந்ததில் அவளுக்கு ஒரே நிம்மதி. ஏன் நாறவில்லை என்று ஐந்து வருஷத்தில் ஒரு தடவை கேட்டிருக்கலாம், பாவி.

பெருமாள்சாமி அவள் முகத்தைப் பார்த்தார். மறுபடி குனிந்து முதல் தகட்டை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"அப்போ அது அழுக்கில்லையா மேடம்?"

"இல்லண்ணா. தப்பு உங்களுது இல்ல. நான் பக்கத்துல நின்னிருக்கணும்."

இது இந்த அறையில் இருக்கும் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அவர் உயிர் போனாலும் வெளியே சொல்ல மாட்டார். அவள் பேசாமல் போய் மேடையில் நின்றால் போதும், பாஸ்டன் அப்படியே இருக்கும். வெட்கமில்லாமல் ஆசைப்பட்டாள்.

கஸ்தூரிரங்கன் கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

"என்னம்மா சிந்து, ஹால் ரொம்பியாச்சு, எல்லாரும் வெயிட் பண்றா. இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?"

சிந்து துப்பட்டாவை இடுப்பில் இழுத்துக் கட்டிக்கொண்டு, பெருமாள்சாமியின் டப்பாவிலிருந்து ஒரு ஜோடி கையுறையை உருவினாள்.

"ஒரு வருஷம் ஆகும் சார்."