கெசியாவின் நூல்குச்சி

பாளையங்கோட்டையில் வேதமுத்து வாத்தியார் வீட்டுக் கிளி, சாயங்கால ஜெபம் முடிந்ததும் ஒரு மரக்குச்சியில் அலகைச் சாய்த்துக்கொண்டுதான் தூங்கும். வாத்தியார் மகள் கெசியா மிஷனில் லேஸ் பின்னுவதற்காக நூல் சுற்றிவைக்கும் குச்சி அது.

1911 மழைக்காலத்தில் கெசியா காய்ச்சலில் இறந்தாள். குச்சி நிறைய நூல் சுற்றி அவள் கையில் வைத்து, வாத்தியாரே சவப்பெட்டிக்கு ஆணி அடித்தார். அன்றிலிருந்து கிளி தூங்கவில்லை. வேறு குச்சி கொடுத்தால் தள்ளிவிட்டுக் கத்தியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்கால ஜெபம் முடிந்தபோது கூட்டில் சத்தமே இல்லை. கதவு கொக்கி போட்டபடியே இருந்தது. உள்ளே கிளி, அந்தப் பழைய குச்சியில் அலகைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தது. குச்சியில் ஈரமண் ஒட்டியிருந்தது. நூல் ஓர் இழைகூட இல்லை.

வாத்தியார் குச்சியை உருவிக்கொண்டு மண்வெட்டியை எடுத்தார். "பிள்ள பொருள் பிள்ளகிட்டதான் இருக்கணும். இப்பவே புதைச்சிட்டு வாரேன்."

அவர் மனைவி ஞானப்பூ வாசலை மறித்துக் கையை நீட்டினாள். "கொஞ்சம் பொறுங்க. அத இங்கன தாங்க."

விளக்கடியில் உட்கார்ந்து, புது நூல்கண்டைப் பிரித்து, குச்சியில் இறுக்கிச் சுற்றத் தொடங்கினாள்.

"வெறுங்குச்சிய வச்சிக்கிட்டு அவ என்னத்தப் பின்னுவா?"