கஸ்டர்டின் மச்சம்

நோலீன் ஒரு பாம்பைத் திருடியிருப்பாள் என்று சார்ஜென்ட் டார்சி கனவில்கூட நினைத்ததில்லை. கரும்பு விளையும் அந்த ஆஸ்திரேலியச் சிற்றூரில் இருபது வருஷமாகப் பள்ளிக்கூட பஸ்ஸை ஓட்டுகிறவள். பஸ்ஸில் யாராவது விட்டுப்போன ஒற்றைச் செருப்பைக்கூட வீடு தேடிப் போய்க் கொடுத்துவிட்டு வருவாள்.

ஆனால் ஆதாரம் அவள் வீட்டுக் கண்ணாடிப் பெட்டிக்குள் சுருண்டு கிடந்தது.

"நல்லா பாருங்க சார்ஜென்ட். வால் பக்கம், மஞ்சள் பட்டையில கறுப்பா ஒரு பிறை நிலா. பிறவி மச்சம். வேற எந்தப் பாம்புக்கும் இப்படி இருக்காது" என்று கிளின்ட் தன் கைபேசியை நீட்டினான். படத்திலும் அதே மஞ்சள் பட்டை, அதே பிறை.

கிளின்ட் ஏ.சி. பழுது பார்ப்பவன். போன வருஷம் கெய்ர்ன்ஸ் நகரத்தில் அவன் வீட்டு மலைப்பாம்பு திருட்டுப் போய்விட்டதாம். பத்து நாளைக்கு முன் நோலீன் வீட்டு ஏ.சி.யைச் சரிசெய்ய வந்தானாம். "இந்தம்மா பஸ் எடுக்கப் போயிருந்தாங்க. நான் பெட்டிகிட்ட போய்ப் பாத்தா, என் செல்லம்!" என்றான். கறுப்பும் பளீர் மஞ்சளுமான அந்த ரகத்துக்கு ஒரு பழைய காரின் விலை உண்டு. யாருக்குத்தான் ஆசை வராது?

"ஷூ லேஸ் அளவுல இருந்தப்போ வாங்கினேன் டார்சி" என்றாள் நோலீன். " கஸ்டர்டுன்னு பேர் வச்சு மூணு வருஷமா வளர்க்கிறேன். லைசென்ஸ் இருக்கு."

"லைசென்ஸ்ல மலைப்பாம்பு ஒண்ணுன்னுதான் போட்டிருக்கு. எந்தப் பாம்புன்னு இல்லையே! சரி, இந்த மச்சம் எப்பலேர்ந்து இருக்கு?"

நோலீன் கண்ணாடியில் மூக்கு ஒட்ட ஒட்டப் பார்த்தாள். "இத நான் பார்த்ததே இல்லையே."

"மூணு வருஷமா?"

"பத்து நாளா அவ கண்ணுல பால் படிஞ்சு, உடம்பெல்லாம் மங்கிக் கிடக்கா. வெளிய எடுக்கல..."

இதற்கு அவள் நல்ல பொய்யாக ஒன்று சொல்லியிருக்கலாம் என்று நினைத்தார் டார்சி. நோலீனைக் கைது செய்தால் நாளைக்குக் குழந்தைகள் எல்லாம் நடந்துதான் பள்ளிக்கூடம் போகவேண்டும்.

"நான் எடுத்துக்கிட்டுக் கிளம்பறேன் சார்ஜென்ட்" என்று கிளின்ட் சாக்குப்பையை உதறினான்.

"இப்பத் தூக்கக் கூடாது!" நோலீன் குறுக்கே பாய்ந்தாள். "சட்டை உரிக்கிறா. உதட்டுல தோல் பிரிஞ்சாச்சு, கழுத்துல மாட்டிக்கிட்டு நிக்குது. ஏ.சி. நல்லா ஓடுதுல்ல, காத்து காஞ்சு போச்சு. சாக்குல போட்டு ஆட்டினா பிஞ்சு பிஞ்சுதான் வரும். கண்ணு மேல ஒட்டிக்கும். ஒரு மணி நேரம் குடு டார்சி. அப்புறம் ஜெயிலுக்கே வரேன்."

"விட்டுடாதீங்க! அந்த ஒரு மணி நேரத்துல மச்சத்தத் தேய்ச்சு அழிச்சிடுவா!" என்று கிளின்ட் குதித்தான்.

"அப்ப ரெண்டு பேரும் கிட்ட வராதீங்க. நானே உரிச்சு விடறேன்" என்று கர்ஜித்தார் டார்சி.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. பல்லியைக் கண்டாலே நாற்காலி மேல் ஏறுகிற மனிதர்.

சலவை அறைத் தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர் நிரம்பியது. கஸ்டர்ட் அதில் அரை மணி நேரம் சுகமாக ஊறினாள். டார்சி கையில் ஈரத் துண்டு. நோலீன் வாசலில் கைகட்டி நின்று, பஸ்ஸைப் பின்னால் எடுக்கக் கற்றுக்கொடுப்பதுபோல் உத்தரவு போட்டாள்.

"இழுக்காதே! இறுக்கியும் பிடிக்காதே. துண்டு சும்மா சுத்தியிருக்கட்டும், அவளே அதுக்குள்ள ஊர்ந்து போவா."

"நோலீன், என் சட்டைக் கைக்குள்ள போறா!"

"போகட்டும். கதகதப்பா இருக்கும்ல?"

"ஐயோ, கூசுது! ஐயோ!" சார்ஜென்ட் நெளிந்தார், குதித்தார், கடைசியில் சின்னப் பையன்போல் சிரிக்கவே ஆரம்பித்துவிட்டார். "வருது! நோலீன், வருது! காலுறைய உருவற மாதிரி தலைகீழா வருது!"

"மச்சத்துல கை படக் கூடாது!" என்று கத்தினான் கிளின்ட்.

"படலைய்யா! நான் எங்க தொட்டேன்? எல்லாம் அவளே பாத்துக்கறா!"

வால் நுனியும் துண்டைத் தாண்டியது. கஸ்டர்ட் சார்ஜென்டின் தோள்மேல் ஏறி, புதுசாய் மினுமினுத்துக்கொண்டு நாக்கை நீட்டினாள். மூன்று பேரும் அவள் வாலைப் பார்த்தார்கள்.

மஞ்சள் பட்டை வெறும் மஞ்சளாக இருந்தது.

டார்சி துண்டிலிருந்து பாம்புச் சட்டையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஒரு கிழிசல் இல்லாமல், ஒரே துண்டாய், ஆள் உயரம் இருந்தது. அதன் வால் பக்கத்தில், மார்க்கர் பேனாவால் வரைந்த கறுப்புப் பிறை நிலா.

கிளின்ட் வாசலைப் பார்த்தான். வாசலில் பஸ்ஸைப்போல் வழியை அடைத்துக்கொண்டு நோலீன் நின்றாள்.

"கஸ்டர்ட இங்க விட்டுடு டார்சி. பிறவி மச்சத்த மட்டும் அவர்கிட்ட குடுத்துடு. அது அவரோடதுதான்."