நாலு சுவருக்குள்ளே

“இங்க பேசுறது இந்த ரூமைத் தாண்டாதுன்னு சொன்னீங்களே மேடம்!” கலைவாணி உட்கார்ந்ததும் உட்காராததுமாகக் கேட்டாள்.

கவுன்சலர் மேரி பதறிப்போனார். “என்னம்மா ஆச்சு?”

“தனிக்குடித்தனம் போகணும்னு போன வாரம் உங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன். என் வீட்டுக்காரருக்கே தெரியாது. நேத்து மாமியார், ‘புதுக் குடித்தனத்துக்குக் குடம் வாங்கிட்டியாடி?’ன்னு சிரிச்சிக்கினே கேக்குறாங்க!”

“சத்தியமா நான் யார்கிட்டயும் சொல்லலம்மா.”

“அப்ப சுவரா போய்ச் சொல்லிச்சு?”

மேரி தலையைக் குனிந்துகொண்டார். கலைவாணிக்கு அதுவே போதுமாக இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து நெஞ்சில் பூட்டி வைத்ததையெல்லாம் இந்த அம்மாவிடம்தானே கொட்டினாள்? ஆறு வாரம் போதும் என்று ஆரம்பித்தது. ராத்திரி தூக்கம் வரத் தொடங்கியதும், இன்னும் கொஞ்ச மாதம் வரட்டுமா என்று அவளேதான் கேட்டாள். அத்தனையும் நடிப்பா?

“நம்ப வச்சுக் கழுத்தறுத்துட்டீங்க. இனிமே வரமாட்டேன்.”

“தப்பு என்மேலதான்,” என்றார் மேரி தயங்கித் தயங்கி. “நாள் முழுக்கத் தறிச் சத்தத்துக்கு மேல பேசிப் பழகின குரல் உன்னோடது. மெதுவா பேசுன்னா மறுபடியும் வாய மூடிக்குவியோன்னு பயந்துட்டேன்.”

கலைவாணி சட்டென்று எழுந்து போய்க் கதவைத் திறந்தாள்.

வெளியே பெஞ்சில் அவள் வசிக்கும் பிள்ளையார்பாளையத்துப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து வீட்டு தில்லையம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கையைப் பிடித்தாள்.

“கவலப்படாதம்மா. இன்னிக்குப் பேசினத நாங்க யார்கிட்டயும் சொல்லமாட்டோம்.”